செவிலியர் கையும் செல்போன் கண்ணும்

*சிகிச்சைச் செயல்திறன்களைக் கற்பிப்பதில் மொபைல் வீடியோவால் எதைச் சாதிக்க முடிகிறது, எந்த இடத்தில் ஆசிரியரின் கண் வேண்டியிருக்கிறது?*

கையில் வென்ஃப்ளான் (ரத்தநாளத்தில் செலுத்தும் குழாய் ஊசி) போடுவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது, புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவது, பிறந்ததும் மூச்சுவிடாத சிசுவுக்குப் பையை அழுத்திக் காற்று கொடுப்பது எல்லாம் செவிலியரின் அன்றாடச் செயல்திறன்கள். பாடநூலைப் படித்து இவற்றின் படிகளை ஒப்பிக்கலாம். ஆனால் திரும்பத் திரும்பச் செய்து, தவறு திருத்தப்பட்டு, மறுபடி செய்தால்தான் கைக்கு வரும். செவிலியக் கல்வியின் செலவு மிகுந்த பகுதியும், ஆசிரியரின் நேரத்தை அதிகம் கேட்கும் பகுதியும் இதுதான்.

இந்தப் பகுதிக்குள் மொபைல் போன் மூன்று வழிகளில் நுழைந்திருக்கிறது. சரியான முறையைக் காட்டும் குறும்படமாக மாணவரின் கையில் இருப்பது முதல் வழி. மாணவர் தாம் செய்வதைத் தாமே பதிவு செய்து பார்த்துக்கொள்வது இரண்டாவது. அந்தப் பதிவை ஆசிரியர் பார்த்து, பிழை சுட்டித் திருத்துவது மூன்றாவது. முதலாவது எங்கும் பரவிவிட்டது. இரண்டாவது ஆங்காங்கே நடக்கிறது. மூன்றாவது அரிதாகவே நடக்கிறது. ஆனால் மூன்றும் சேர்ந்தால்தான் இந்த முறை முழுமை பெறும். வீடியோ பார்த்த மாணவருக்குத் துணிச்சல் வந்துவிடும். அந்தத் துணிச்சலுக்குத் தக்க திறமை கையில் இருக்கிறதா என்பதைச் சொல்ல இன்னொரு கண் தேவை.

பின்வரிசைக்குத் தெரியாத டெமோ

இந்தியாவில் செவிலியப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியதாகச் செவிலிய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. 1946இல் டெல்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்திய நர்சிங் கவுன்சில் அமைந்து, பாடத்திட்டத்தை நெறிப்படுத்தியது. இத்தனை காலத்திலும் செயல்திறனைக் கற்பிக்கும் அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை. ஆசிரியர் செய்து காட்டுவார், அது டெமோ. மாணவர் திருப்பிச் செய்து காட்டுவார். அது ரிட்டர்ன் டெமோ. பிறகு வார்டு போஸ்டிங்கில் நோயாளியிடம் செய்து, ப்ரொசீஜர் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்.

நோயாளிக்குப் பதில் பொம்மையில் பழகும் வழக்கமும் புதிதன்று. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்காக, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணி 1911இல் ஆளுயரப் பொம்மை ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். ‘மிஸஸ் சேஸ்’ என்றே அது அழைக்கப்பட்டது. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவும் மார்பை அழுத்தவும் பழக, நார்வேயின் ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் ‘ரெசுசி ஆன்’ பொம்மையைக் கொண்டுவந்தார். இன்று கல்லூரி லேப்களில் இருக்கும் மேனிக்கின்கள் இவற்றின் வழிவந்தவை.

டெமோ முறை நல்ல முறைதான். அது தடுமாறுவது எண்ணிக்கையில். ஒரு கட்டிலைச் சுற்றி இருபது முப்பது பேர் நின்றால், ஆசிரியரின் விரல்களைப் பார்க்க முடிவது முன்வரிசையில் நிற்கும் சிலரால் மட்டுமே. பின்வரிசையில் இருப்பவருக்குக் குரல் கேட்கும்; ஊசி எந்தச் சாய்வில் நுழைந்தது என்பது தெரியாது. டெமோ பெரும்பாலும் ஒரே முறைதான் நடக்கும். லேபில் பார்த்ததற்கும் வார்டில் அதே வேலை கைக்கு வருவதற்கும் இடையில் வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் படிகள் மறந்துபோகும். போதாக்குறைக்கு, லேபில் ஒரு முறையும் வார்டில் இன்னொரு முறையும் கண்ணில் படும்போது எது சரி என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

ஆசிரியர்களைப் பெருக்கினால் இது தீரும். ஆனால் செவிலியர் பற்றாக்குறையே உலகளாவியது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தார்கள். பற்றாக்குறை 58 லட்சம். வார்டுக்கே ஆள் போதாத நிலையில், கற்பிக்க அனுபவமுள்ள செவிலியரைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அதனால்தான் இருக்கிற ஆசிரியரின் ஒரு டெமோவைப் பல முறை, பல கண்களுக்கு, அருகிலிருந்து காட்டும் கருவிக்கு இவ்வளவு மதிப்பு.

கை எப்படித் தேறுகிறது?

ஒரு வேலை கைக்கு வரும் வழியை உளவியலாளர்கள் ஃபிட்ஸ், போஸ்னர் இருவரும் 1967இல் மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொரு படியையும் யோசித்து யோசித்துச் செய்கிறோம். இரண்டாவதில் படிகள் ஒன்றோடொன்று இணைகின்றன, பிழைகள் குறைகின்றன. மூன்றாவதில் யோசிக்காமலே கை ஓடுகிறது. மனம் நோயாளியின் முகத்தைக் கவனிக்க விடுதலை பெறுகிறது. வீடியோ மிகவும் கைகொடுப்பது முதல் கட்டத்தில். இரண்டாவது கட்டத்துக்குப் பயிற்சியும் திருத்தமும் வேண்டும். மூன்றாவதற்குப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.

கற்பிக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், பிரிட்டனின் பெய்டன் 1998இல் முன்வைத்த நான்கு படி முறை பரவலாகக் கையாளப்படுகிறது. ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுகிறார். பிறகு ஒவ்வொரு படியையும் விளக்கியபடி மெதுவாகச் செய்கிறார். மூன்றாவதாக, மாணவர் படிகளைச் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். கடைசியில் மாணவர் தாமே சொல்லிக்கொண்டு செய்கிறார். முதல் இரண்டு படிகளையும் வீடியோ அப்படியே ஏற்றுக்கொள்ள முடியும். ஓட்டத்தை நிறுத்தி ‘அடுத்து என்ன?’ என்று கேட்கும் வீடியோ மூன்றாவதிலும் ஓரளவு உதவும். நான்காவது படிக்கு மாணவரின் கை வேண்டும். அதைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

மதிப்பீட்டிலும் இதே ஏணி உண்டு. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் திறமையை நான்கு நிலைகளாக அடுக்கினார்: தெரிந்திருப்பது, செய்யும் முறை தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, நடைமுறையில் செய்வது. வீடியோ பார்ப்பது இரண்டாவது நிலை வரை கொண்டுபோகும். அங்கிருந்து மூன்றாவது நிலைக்கு ஏற, கேமரா திரும்பி மாணவரின் கையைப் பார்க்க வேண்டும்.

ஐந்து நிமிட வீடியோ ஒன்றின் உள்ளே

பெண் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய், அதாவது ஃபோலி கேத்தீட்டர், பொருத்தும் முறையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கிருமித் தொற்றுக்கு மிகவும் இடமுள்ள வேலை இது. படிகளின் வரிசை மாறினால் நோயாளிக்குக் கெடுதல். மேனிக்கினில் செய்து காட்டிப் படமெடுப்பதால் அந்தரங்கம் பற்றிய சிக்கல் எழாது.

கேமராவை எங்கே வைப்பது என்பது முதல் கேள்வி. கட்டிலின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் செவிலியரின் இடக்கை பார்ப்பவரின் வலப்பக்கம் தெரியும். மாணவர் தலைக்குள் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். செவிலியரின் தோளுக்கு மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால், செய்பவர் கண்ணில் படுவதே பார்ப்பவர் கண்ணிலும் படும். செல்ஃபி கேமரா காட்சியை இடவலமாகப் புரட்டிவிடக்கூடும் என்பதால் பின்பக்கக் கேமராவே ஏற்றது. போனைப் படுக்கைவாட்டில் வைத்து ஸ்டாண்டில் இறுக்கி, செய்பவரின் நிழல் கைமேல் விழாதபடி விளக்கை நிறுத்தினால் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

அடுத்தது, எங்கே நிதானிப்பது என்பது. கிட்டைத் திறப்பதும் டிரேயை அடுக்குவதும் சில நொடிகளில் கடந்துவிடலாம். ஆனால் இடக்கை நோயாளியின் உடலைத் தொட்ட கணத்தில் அந்தக் கையுறை ஸ்டெரைல் (கிருமியற்ற) நிலையை இழந்துவிடுகிறது. குழாய் உள்ளே போகும் வரை அந்தக் கை இடத்தை விட்டு எழக்கூடாது, ஸ்டெரைல் பொருள்களைத் தொடவும் கூடாது. வீடியோ இங்கே நிற்க வேண்டும். இடக்கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினாலும் நல்லது. சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாக, ஒரு பஞ்சுக்கு ஒரே ஒரு இழுப்பு என்பதையும் அப்படியே அருகிலிருந்து காட்ட வேண்டும்.

குழாய் ஐந்து முதல் ஏழு செ.மீ. உள்ளே போனதும் சிறுநீர் வரும். அங்கேயே பலூனை ஊதிவிடுவது புதியவர்கள் செய்யும் ஆபத்தான பிழை. பலூன் இன்னும் சிறுநீர்த் தாரையிலேயே இருந்தால் அங்கே காயம் ஏற்படும். இன்னும் சில செ.மீ. உள்ளே செலுத்திய பிறகுதான், குழாயில் குறித்துள்ள அளவுக்கு ஸ்டெரைல் தண்ணீரை ஏற்ற வேண்டும். குழாய் தவறிப் பெண்ணுறுப்புக்குள் போய்விட்டால், அதை உடனே உருவாமல் அடையாளமாக விட்டுவைத்து, புதிய குழாய் ஒன்றைச் சரியான துளையில் செலுத்துவது வழக்கம். பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் நல்ல வீடியோ காட்டும். பெரும்பாலான வீடியோக்கள் விட்டுவிடும் பகுதி இதுதான். கடைசியில் சிறுநீர் சேரும் பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகவும், அதே நேரத்தில் தரையில் படாமலும் தொங்குவதைக் காட்டி முடிக்கலாம்.

நீளம் எவ்வளவு இருக்கலாம்? எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசிய ஆய்வு 2014இல் வெளியானது. ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களையே மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்த்தார்கள் என்று அது கண்டது. அவை செயல்திறன் பாடங்கள் அல்ல என்றாலும், கற்பிப்பவர்களுக்கு அது நல்ல அளவுகோல். நீண்ட ப்ரொசீஜரை மூன்று நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு கொடுத்துவிட்டால், வார்டுக்குப் போகுமுன் வேண்டிய துண்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

மொழியும் பாடத்தின் பகுதியே. தமிழ்நாட்டில் செவிலிய மாணவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். கட்டிலருகே தமிழில் பேசுகிறார்கள். “அம்மா, யூரின் ட்யூப் வைக்கப் போறோம். கொஞ்சம் எரிச்சலா இருக்கும். மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்க” என்று சொல்லும் விதத்தையும், திரை இழுத்து, தேவையான இடத்தைத் தவிர மற்றதைப் போர்வையால் மூடுவதையும் வீடியோ காட்டாவிட்டால், மாணவர் கற்பது பாதி வேலைதான். வெளிநாட்டு வீடியோக்களில் எவ்வளவு நேர்த்தி இருந்தாலும் இந்த உரையாடல் கிடைக்காது. அவற்றில் காணும் கிட்டும் மருந்துப் பெட்டியும் இங்குள்ள வார்டில் இருப்பவையாக இருப்பதில்லை. உள்ளூர்க் கல்லூரி தன் டிரே, தன் லேப், தன் ஆசிரியரை வைத்து எடுக்கும் எளிய வீடியோவுக்கு இங்கேதான் பலம்.

கேமரா மாணவர் பக்கம் திரும்பும்போது

போனின் பெரும்பயன் இந்த இடத்தில் தொடங்குகிறது. செய்யும்போது மாணவரின் கவனம் முழுவதும் அடுத்த படியில் இருக்கும். தம் கை எங்கே பட்டது, முழங்கை எதை உரசியது என்பது அவருக்கே தெரியாது. ஆசிரியர் “கையுறையைத் தொட்டுட்டீங்க” என்றால், “இல்லையே மேடம்” என்பதே இயல்பான பதில். பதிவைப் போட்டுக் காட்டினால் அந்த விவாதத்துக்கு இடமே இல்லை. தம் பிழையைத் தாமே கண்டுபிடித்த மாணவருக்கு அது சீக்கிரம் மறக்காது.

தென் கொரியாவில் செவிலிய மாணவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. கேத்தீட்டர் பொருத்தும் தம் வீடியோவைத் தாமே பார்த்து மதிப்பிட்ட மாணவர்கள், மற்றவர்களைவிடச் செய்திறனிலும் நோயாளியோடு பேசும் திறனிலும் கற்கும் ஆர்வத்திலும் முன்னேறியிருந்தார்கள். அன்று இதற்குத் தனி வீடியோ கேமரா தேவைப்பட்டது. இன்று அது ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது.

பதிவு செய்வதால் மட்டும் பயன் வந்துவிடாது. பார்க்கும் முறை முக்கியம். சட்டகத்துக்குள் கைகளும் வேலை நடக்கும் இடமும் மட்டும் தெரிந்தால் போதும். முகம் தெரிந்தால் பார்ப்பவரின் கண் முகத்துக்கே போய், கூச்சம்தான் மிஞ்சும். கையில் செக்லிஸ்ட் இருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ‘செய்தேன்’, ‘விட்டுவிட்டேன்’, ‘வரிசை மாறிவிட்டது’ என்று குறிக்க வேண்டும். முதலில் மாணவர் குறிக்கிறார். அதைப் பார்க்காமல் ஆசிரியர் தனியாகக் குறிக்கிறார். பிறகு இரண்டையும் அருகருகே வைக்கிறார்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறார்களோ அங்கேதான் கற்றல் தேவைப்படுகிறது. மாணவர் ‘சரி’ என்று குறித்து, ஆசிரியர் ‘தவறு’ என்று குறித்த வரிகள் எல்லாவற்றையும்விட முக்கியமானவை. தவறு என்றே தெரியாமல் செய்யும் தவறுகள் அவை.

அளந்து பார்க்கக்கூடிய வேலைகளில் பதிவின் மதிப்பு இன்னும் கூடுகிறது. பெரியவர்களுக்கு இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். வேகத்தை வீடியோவிலிருந்து எண்ணிவிடலாம். களைப்பில் மார்பின்மேல் சாய்ந்துகொண்டே அழுத்துவதைப் பக்கவாட்டுப் பதிவு காட்டிக்கொடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, கையில் ஆல்கஹால் திரவம் தேய்க்க 20 முதல் 30 நொடி, சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடி ஆக வேண்டும். பத்து நொடியில் முடித்துவிட்டு அரை நிமிடம் ஆனதாக நம்புபவருக்குப் பதிவில் ஓடும் கடிகாரம் உண்மையைச் சொல்லிவிடும்.

இந்தியாவிலும் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. பிகாரில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நர்ஸ் வழிகாட்டிகளை அனுப்பி நடத்தப்பட்ட ‘அமானத்’ திட்டத்தில், ப்ரோன்டோ இன்டர்நேஷனல் அமைப்பின் பிரசவ ஒத்திகைப் பயிற்சி சேர்க்கப்பட்டது. அறுவை அறைக் கால்சட்டையைத் தைத்து மாற்றிய ‘பார்ட்டோபேன்ட்ஸ்’ என்ற எளிய உடையை ஒருவர் அணிந்துகொண்டு பிரசவ நோயாளியாக நடிப்பார். பணியிலிருக்கும் செவிலியர்கள் தங்கள் சொந்தப் பிரசவ அறையிலேயே அவசர நிலையை எதிர்கொள்வார்கள். ஒத்திகைகள் வீடியோவில் பதிவாயின; பின்னால் ஆய்வுக்கும் பயன்பட்டன. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இல்லாமலே செவிலியரின் செயலைக் கண்முன் நிறுத்திப் பேச முடியும் என்பதற்கு இது சான்று.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

மொபைல் வீடியோவை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 2016இல் கொரியாவிலிருந்து வெளியானது. 71 செவிலிய மாணவர்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். 36 பேர் கேத்தீட்டர் வீடியோவைப் போனில் இறக்கி, ஒரு வாரம் வேண்டிய அளவு பார்த்தார்கள். 35 பேருக்கு அது கிடைக்கவில்லை. இரு குழுவும் லேப் பயிற்சியில் கலந்துகொண்டன; எந்தக் குழு என்று தெரியாத தேர்வாளர்கள் சோதித்தார்கள். வீடியோ பார்த்தவர்களுக்குக் கற்கும் ஆர்வமும் வகுப்பின்மீது திருப்தியும் கூடின. கேத்தீட்டர் பொருத்தும் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தது.

இந்த முடிவைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஆர்வமும் நம்பிக்கையும் மதிப்புள்ளவை. பயந்து நடுங்கும் கை பிழை செய்யும். ஆனால் நம்பிக்கை ஒன்று, திறமை இன்னொன்று. நம்பிக்கை மட்டும் வளர்ந்து, திருத்தம் சேராவிட்டால், மாணவர் தவறான முறையைத் துணிச்சலோடு செய்யத் தொடங்குவார். பயிற்சி பெறாத தயக்கத்தைவிட அது மோசம்.

பணியிலிருக்கும் செவிலியர்கள், மருத்துவச்சிகளிடம் நடந்த பெரிய சோதனை எத்தியோப்பியாவைச் சேர்ந்தது. டென்மார்க்கின் மெட்டர்னிட்டி ஃபவுண்டேஷன், கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், தென் டென்மார்க் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ‘சேஃப் டெலிவரி ஆப்’ என்ற செயலியை அது சோதித்தது. பிரசவ கால ரத்தப்போக்கு, சிசுவுக்கு மூச்சு கொடுத்தல் போன்ற அவசர வேலைகளை அசைவூட்டப் படங்களாக அந்தச் செயலி காட்டும். ஒரு முறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. செயலி கிடைத்த பணியாளர்களின் சிசு மீட்புத் திறனும் அறிவும் ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தன. பிறப்பை ஒட்டிய சிசு இறப்பு ஆயிரத்துக்கு 14 ஆக இருந்தது. மற்ற நிலையங்களில் 23. ஆனால் இந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்று சொல்லுமளவுக்குப் புள்ளியியல் வலு பெறவில்லை.

இதிலிருந்து தெளிவாவது இரண்டு. போனில் இருக்கும் பாடம் திறனை உயர்த்துகிறது. அந்த உயர்வு ஓராண்டு வரை நிற்கிறது. உயிர் காக்க அது மட்டும் போதுமா என்பதற்கு மருந்து, கருவி, ஆள், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்தே விடை காண வேண்டும்.

தொலைதூரத்தில் இருப்பவருக்கு

கல்லூரியை விட்டு வந்து ஆண்டுகள் ஆன, தனியாகப் பணிபுரியும் செவிலியருக்கு மொபைல் பாடம் இன்னும் அதிகம் தேவை. அரிதாகச் செய்யும் வேலைகளின் திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். மூச்சுவிடாத சிசுவை ஆண்டில் சில முறை மட்டுமே பார்க்கும் சுகாதார நிலையத்தில், ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் மூன்று நாள் பயிற்சி போதாது. குறைந்த அளவில், அடிக்கடி என்பதே இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுகிறது: வாரத்துக்குப் பத்து நிமிடம், ஒரு வீடியோ, உடனே மேனிக்கினில் ஒரு முறை பயிற்சி.

அவசர வேளையில் போனைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010இல் தொடங்கிய ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’ பயிற்சி, பிறந்த முதல் அறுபது நொடியைப் ‘பொன் நிமிடம்’ என்கிறது. அதற்குள் சிசு மூச்சுவிட வேண்டும், அல்லது பையும் முகமூடியும் கொண்டு மூச்சு கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் வீடியோ பார்க்க நேரம் ஏது? பார்ப்பதும் பழகுவதும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

டெபோரா வான் டைக் தொடங்கிய ‘குளோபல் ஹெல்த் மீடியா ப்ராஜெக்ட்’, வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் உண்மைக் காட்சிகளைப் படமாக்கி, பல மொழிகளில் இலவசமாகத் தருகிறது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ முறையில், ஒரு மையத்திலிருக்கும் வல்லுநர்களும் பல ஊர்ப் பணியாளர்களும் வீடியோ வழியாகக் கூடி, நோயாளிகளின் நிலையை அலசுகிறார்கள். இந்தியாவிலும் இது நடக்கிறது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது. பிபிசி மீடியா ஆக்‌ஷன் பிகாரில் தொடங்கிய ‘மொபைல் அகாடமி’, சாதாரண போனில் குரல் வழியாக ஆஷா எனும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பாடம் சொன்னது. பின்னர் இந்திய அரசு அதை ஏற்று விரிவுபடுத்தியது. கோவிட் காலத்தில், 2020 ஏப்ரலில், மத்திய அரசு திக்‌ஷா தளத்தில் ஐகாட் என்ற இணையவழிப் பயிற்சிகளைத் திறந்தது. முன்களச் செவிலியர்களும் அதன் வழியே பயின்றார்கள்.

போனால் முடியாதவை

வென்ஃப்ளான் போடும்போது ரத்தநாளத்தைத் தேடுவது கண் மட்டுமன்று, விரல் நுனிதான். அழுத்தினால் துள்ளி எழும் நாளம் எது, கயிறுபோல் இறுகிப்போனது எது என்பதை எந்தத் திரையும் உணர்த்தாது. ஊசி நாளச் சுவரைத் தாண்டும்போது தடை சட்டென்று விலகும் உணர்வும் அப்படித்தான். புண்ணின் வாடை, காய்ச்சல் உடம்பின் சூடு, குளிர்ந்து வியர்த்த கையின் ஈரம் எல்லாம் வார்டில் மட்டும் கிடைக்கும் பாடங்கள்.

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களின் தரம் இன்னொரு சிக்கல். அதிகம் பார்க்கப்பட்டது என்பதால் ஒரு வீடியோ சரியானதாகிவிடாது. யார் எடுத்தது, எந்த ஆண்டு எடுத்தது, எந்த வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறது என்று தெரியாத வீடியோவைப் பாடமாகக் கொள்ளக்கூடாது. வழிகாட்டுதல் மாறினால் பழைய வீடியோவை நீக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் காலாவதியான முறை ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சமத்துவமும் கவனிக்கப்பட வேண்டியது. எல்லா மாணவரிடமும் நல்ல போனும் போதிய டேட்டாவும் இருப்பதில்லை. கிராமத்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த கல்லூரியில், வீடியோ பார்ப்பதைக் கட்டாயமாக்கினால், லேபிலேயே வைஃபையும் பொதுவில் இரண்டு மூன்று டேப்லெட்டும் வைப்பதும் கட்டாயமாக வேண்டும்.

வார்டுக்குள் போன்

லேபில் தாராளமாகப் பயன்படும் போனுக்கு வார்டில் எல்லைகள் உண்டு. முதல் எல்லை நோயாளியின் அந்தரங்கம். உடை விலகிய உடலும் கட்டிலில் வலியோடு கிடக்கும் முகமும் யாருடைய பயிற்சிப் பொருளும் அல்ல. ‘படிப்புக்காகத்தான்’ என்ற காரணம் சம்மதத்துக்கு ஈடாகாது. நோயாளி எழுத்து மூலம் சம்மதித்து, மருத்துவமனை அனுமதித்தாலன்றி வார்டில் பதிவே கூடாது. சம்மதம் தராவிட்டால் சிகிச்சை குறையுமோ என்ற அச்சம் நோயாளிக்கு வராதபடி கேட்க வேண்டும். செவிலியர் நன்னடத்தை நெறி ரகசியம் காப்பதைக் கடமையாக்குகிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரின் தகவலைச் சம்மதத்தோடு, சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. ஆகவே, பயிற்சிப் பதிவுகள் எல்லாம் மேனிக்கினிலோ நடிக்கும் சக மாணவரிடமோ எடுக்கப்படுவதே நல்லது.

இரண்டாவது எல்லை கிருமி. நாள் முழுதும் கையிலும் பையிலும் மேசையிலும் புழங்கும் போன் சுத்தமான பொருளன்று. கை கழுவிய பின் போனைத் தொட்டால், மீண்டும் கையைச் சுத்தம் செய்துவிட்டே நோயாளியைத் தொட வேண்டும். கையுறையோடு போனைத் தொடுவது இருமடங்கு தவறு; கையுறையும் கெடுகிறது, போனும் கெடுகிறது. 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் போனைத் துடைக்கும் பழக்கத்தை லேபிலேயே கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது எல்லை கவனம். கட்டிலருகே போன் பார்க்கும் செவிலியர் எதைப் பார்க்கிறார் என்று நோயாளிக்குத் தெரியாது. “பாட்டி, இந்த மருந்தோட அளவைச் சரிபார்த்துக்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிக்கை கெடாது. சொந்த அழைப்புகளும் செய்திகளும் ஓய்வறைக்கு உரியவை.

ஒரு கல்லூரி தொடங்கும் வரிசை

எல்லாப் ப்ரொசீஜரையும் ஒரே நேரத்தில் படமாக்க முனைந்தால் எதுவும் உருப்படியாக முடியாது. மாணவர்கள் அதிகம் பிழை செய்கிற, பிழையால் நோயாளிக்கு அதிகத் தீங்கு நேர்கிற ஐந்து வேலைகளைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம். கை சுத்தம், ஸ்டெரைல் கையுறை அணிதல், வென்ஃப்ளான், கேத்தீட்டர், இதய நுரையீரல் மீட்பு ஆகியவை பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொருந்தும்.

முதல் வேலை, கேமராவைத் தொடுமுன் செக்லிஸ்ட் எழுதுவது. கல்லூரி ஆசிரியர்களும் மருத்துவமனையின் அனுபவமுள்ள செவிலியர்களும் சேர்ந்து உட்கார்ந்து, இதுதான் முறை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். லேபுக்கும் வார்டுக்கும் உள்ள முரண் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த முயற்சியின் முதல் பலனும் அதுவே. அந்தச் செக்லிஸ்ட்தான் வீடியோவின் திரைக்கதை, மாணவரின் சுயமதிப்பீட்டுத் தாள், தேர்வாளரின் மதிப்பெண் தாள் மூன்றும். டண்டீ பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஓஸ்கி தேர்வு முறையில் மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சென்று வேலைகளைச் செய்து காட்டுவார்கள். அங்கேயும் இதே தாளைப் பயன்படுத்தலாம்.

பிறகு வாரச் சுழற்சி. மாணவர்கள் வீட்டிலோ விடுதியிலோ வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். லேப் நேரத்தில் டெமோ குறைகிறது. அந்த நேரம் பயிற்சிக்குக் கிடைக்கிறது. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் செய்ய மற்றவர் பதிவு செய்கிறார். இருவரும் சேர்ந்து பார்த்துச் செக்லிஸ்ட் குறிக்கிறார்கள். வாரம் முடிவதற்குள் ஆசிரியர் ஒவ்வொருவரின் ஒரு பதிவையாவது பார்த்து, இரண்டு மூன்று வரி திருத்தம் எழுதுகிறார். பாட அட்டவணையில் இதற்கு மணி ஒதுக்கப்பட வேண்டும். இரவில் வீட்டில் உட்கார்ந்து அறுபது வீடியோ பார்க்கச் சொன்னால், எந்த ஆசிரியராலும் ஒரு பருவத்தைத் தாண்ட முடியாது. பதிவுகள் கல்லூரியின் கணக்கில், கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும்.

லேபில் தேறியவரே வார்டில் அந்த வேலையைத் தொட வேண்டும். அங்கேயும் முதல் சில முறை மூத்த செவிலியர் பக்கத்தில் நிற்க வேண்டும். போன் இந்த வரிசையில் எந்தப் படியையும் நீக்குவதில்லை. ஒவ்வொரு படிக்கும் மாணவரைத் தயாராக அனுப்பிவைக்கிறது. ஆசிரியரின் நேரத்தைச் செய்து காட்டுவதிலிருந்து திருத்துவதற்கு மாற்றிக் கொடுக்கிறது. மாணவரிடம் முதன்முதலாக ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிக்கு அந்த மாணவரின் எத்தனையாவது முயற்சி இது என்று தெரியாது. அது திருத்தப்பட்ட கையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு; அதைக் காப்பது கற்பிப்பவரின் கடமை.